ஜனவரியில் ஊட்டிக்கு சைக்கிள்: இறக்கத்துக்கு உடுத்துங்கள்

மேட்டுப்பாளையத்தில் காலை ஆறு மணிக்குக் கிளம்பும்போது அரைக்கை ஜெர்சியே போதும் போலத்தான் இருக்கும். ஊர் சுமார் 300 மீட்டர் உயரம். கோத்தகிரி வரை 33 கிலோமீட்டர் ஏற்றம், அங்கிருந்து ஊட்டிக்கு இன்னொரு முப்பது. போய்ச் சேரும் இடம் 2,240 மீட்டர். ஆயிரம் மீட்டருக்கு ஆறு டிகிரி வீதம் குறைந்தாலே மேலே 11, 12 டிகிரி வித்தியாசம் வந்துவிடும். விடியற்காலையில் ஊட்டி அருகேயுள்ள தலைக்குந்தா புல்வெளி உறைபனியில் வெளுத்துக் கிடக்கிற மாதம் இது.

ஏறும்போது யாருக்கும் குளிராது. ஆளைப் படுத்துவது குன்னூர் வழியாக இறங்கும் பாதைதான். மிதிக்க வேண்டியதில்லை, அதனால் உடம்பில் சூடு பிறப்பதில்லை. காற்று மட்டும் எதிரே அடிக்கும். வெப்பமானி 5 டிகிரி காட்டும்போது 30 கிலோமீட்டர் வேகத்தில் இறங்கினால் தோலுக்கு அது பூஜ்யம். இதோடு ஏற்றத்தில் நனைந்த பனியனும் சேர்ந்தால் பத்தே நிமிடத்தில் நடுக்கம் வரும்.

எனவே முதல் விதி, உள்ளே பருத்தி கூடாது. திருப்பூர் பனியன் வீட்டுக்கு அருமையானது, மலைக்கு ஆகாது. வியர்வையைக் குடித்துவிட்டு விடவே விடாது. பாலியஸ்டர் அல்லது மெரினோ கம்பளியில், உடம்போடு ஒட்டிய மெல்லிய பனியன் இரண்டு வேண்டும். ஒன்று உடம்பில், மற்றொன்று ஜிப் கவரில். ஊட்டி வந்ததும் டீ சொல்வதற்கு முன்பே, துடைத்துக்கொண்டு உலர்ந்ததை மாற்றிவிடுங்கள். விலை உயர்ந்த ஜாக்கெட்டைவிட இந்த மாற்றுப் பனியன் கூடுதல் சூடு தரும்.

அதன்மேல் முழுக்கை ஜெர்சி, அதற்கும் மேல் காற்றைத் தடுக்கும் மெல்லிய விண்ட்சீட்டர். ஏற்றத்தில் விண்ட்சீட்டர் முதுகுப் பையில் மடங்கிக் கிடக்கட்டும். கிளம்பும்போது லேசாகக் குளிர வேண்டும். அப்போதே இதமாக இருந்தால் நீங்கள் அதிகம் உடுத்திவிட்டீர்கள். இறங்குமுன் டீக்கடையில் பழைய செய்தித்தாள் கேட்டு வாங்குங்கள். இரண்டு தாளை நான்காக மடித்து, ஜெர்சிக்கும் விண்ட்சீட்டருக்கும் நடுவே நெஞ்சை மூடும்படி செருகி, ஜிப்பைக் கழுத்துவரை ஏற்றுங்கள். காகிதம் காற்றைத் தடுக்கும், கொஞ்சம் ஈரத்தையும் உறிஞ்சும். சைக்கிள் பந்தய வீரர்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்வது இது. பாலித்தீன் உறை வைத்தால் உள்ளே வேர்த்துப் போகும்.

கைகளில் கஞ்சத்தனம் வேண்டாம். விறைத்த விரலுக்கு பிரேக் எவ்வளவு பிடிக்கிறது என்றே தெரியாது. கொண்டை ஊசி வளைவில் அது ஆபத்து. முழுவிரல் கையுறை கட்டாயம். ஆனால் மொத்தமான கம்பளிக் கையுறையில் காற்றும் புகும், லீவரும் வழுக்கும். மெல்லிய உள்கையுறை போட்டு, மேலே காற்றுப் புகாத கையுறை போடுவது நல்லது. இறுக்கமாக இருந்தால் ரத்த ஓட்டம் குறைந்து இன்னும் விறைக்கும். காலுறைக்கும் இதே கணக்குதான்: ஷூ இறுகும்படி இரண்டு ஜோடி போட வேண்டாம், ஷூவின் முன்பக்கத் துளைகளை வெளியிலிருந்து டேப்பால் ஒட்டினால் போதும்.

முழங்காலில் சதை குறைவு, சீக்கிரம் குளிர்ந்துவிடும். 15 டிகிரிக்குக் கீழே அதை மூடியே வையுங்கள். காதுக்கு, ஹெல்மெட்டுக்குள் அடங்கும் மெல்லிய குல்லா. மங்கி கேப் போட்டால் ஹெல்மெட் தூக்கிக்கொண்டு நிற்கும், விழுந்தால் காக்காது. கண்ணில் நீர் வழியாமலிருக்க நிறமில்லாத கண்ணாடி.

இவ்வளவுக்குப் பிறகும் உடம்பு நடுங்கி ஹேண்டில்பாரும் ஆடத் தொடங்கினால், முழங்கால்களை சீட்டுக்கும் ஹேண்டில்பாருக்கும் நடுவே ஓடும் மேல்குழாயோடு அணைத்துக்கொண்டு மெல்ல வேகத்தைக் குறைத்து ஓரம் கட்டுங்கள். நின்ற இடத்திலேயே உறைந்திராமல் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஐந்து நிமிடம் வேகமாக நடங்கள். விரல் மடங்கி நிமிரும்வரை மறுபடி ஏற வேண்டாம்.

குன்னூர் தாண்டியதும் குளிர் விடும். அதற்கும் கீழே பர்லியார் வரும்போது கழுத்தில் வேர்க்கும். செய்தித்தாளை அங்கே உருவிக்கொள்ளலாம், விண்ட்சீட்டரையும் மடித்துவிடலாம்.