பாட்டாவின் போனில் முதலில் மாற்ற வேண்டியவை

இணையம் பயன்படுத்தும் முதியவர்களுக்கு மனச்சோர்வு குறைவு, வாழ்க்கையில் திருப்தி கூடுதல் என்று 2024-ல் ஒரு ஆய்வு வந்தது. 23 நாடுகளில் 50 வயது தாண்டிய 87,559 பேரின் தரவுகள். உடம்பும் வசதியும் நன்றாக இருப்பவர்கள்தான் இணையத்துக்கு வருகிறார்களோ என்ற சந்தேகம் இதில் எப்போதும் உண்டு. ஆனால் குமரி மாவட்டத்தில் மார்த்தாண்டம், களியக்காவிளை பக்கம் பிள்ளைகளை வளைகுடாவுக்கு அனுப்பிவிட்டுத் தனியாக இருக்கும் பெற்றோருக்கு போன்தான் வீட்டில் கேட்கும் பேச்சுக்குரல். அதைக் கையில் கொடுத்ததோடு விட்டுவிடுவதுதான் தப்பு.

முதல் சிக்கல் விரலில். முதியவர்கள் தட்டமாட்டார்கள், அழுத்துவார்கள். நீண்ட நேரம் அழுத்தினால் போன் வேறு கட்டளை என்று எடுத்துக்கொள்ளும். ஆப்பின் படம் இடம் மாறும், வாட்ஸ்அப் முகப்பிலிருந்தே காணாமல் போகும். "எதையோ கெடுத்துப்போட்டேன் மக்களே" என்று ஒரு கூச்சம் வரும். பிறகு போனைத் தொடவே மாட்டார்கள். அமைப்புகளில் அணுகல்தன்மைக்குள் 'தொட்டுப் பிடித்திருக்கும் தாமதம்' இருக்கும். அதை 'நீளம்' ஆக்குங்கள். முகப்புத் திரையின் தளவமைப்பைப் பூட்டும் வசதி இருந்தால் பூட்டிவிடுங்கள். எழுத்தை ஒன்றிரண்டு படி கூட்டினால் போதும். கடைசி அளவுக்கு இழுத்தால் சில ஆப்களில் கீழே உள்ள பட்டன் திரைக்கு வெளியே போய்விடும்.

அடுத்தது அழைப்பு. ஐக்கிய அரபு அமீரகத்தில் வாட்ஸ்அப் குரல், வீடியோ அழைப்புகளுக்குத் தடை உண்டு. இது தெரியாத அப்பா நாலு தடவை அடித்துப் பார்த்து, 'பையன் எடுக்கவில்லை' என்று மனம் ஒடிந்துபோகிறார். அங்கே அனுமதியுள்ள போட்டிம் போன்ற ஆப்பை இரண்டு பக்கமும் போட்டு, நேரத்தையும் பேசி வையுங்கள்: துபாயில் 7 மணி என்றால் நமக்கு 8.30. என்றைக்கோ வரும் ஒரு மணி நேர அழைப்பைவிட, சொன்ன நேரத்துக்கு வரும் ஐந்து நிமிடம் மேல். போனை நிறுத்திவைக்க ஒரு ஸ்டாண்ட் வாங்கிக் கொடுங்கள். இல்லாவிட்டால் பேரப்பிள்ளைகள் பார்ப்பது தாத்தாவின் தாடையும் மின்விசிறியும்தான். வெளிச்சம் முகத்தில் விழ வேண்டும், முதுகுக்குப் பின்னால் இருக்கக் கூடாது.

விளவங்கோடு பக்கம், திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து தமிழகத்தோடு சேர்ந்த 1956 நவம்பர் 1-க்கு முன் பள்ளிக்குப் போனவர்களில் மலையாள எழுத்து மட்டும் சரளமாக வருபவர்கள் உண்டு. ஜிபோர்டு என்ற கூகுள் விசைப்பலகையில் தமிழோடு மலையாளத்தையும் சேருங்கள்; கையெழுத்து வகையைத் தேர்ந்தால் விரலாலேயே எழுதலாம். எழுத முடியாதவர்களுக்கு மைக்கைக் காட்டிக்கொடுங்கள். பதில் போடத் தெரிந்தவர் குடும்பக் குழுவில் ஓர் ஆள். தெரியாதவர் வெறும் பார்வையாளர். மனநிலை பிரிவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

யூடியூப் தனிக்கதை. மாரடைப்பு பற்றி ஒரு வீடியோவை முழுதாகப் பார்த்தால் அதே மாதிரி பத்து வரிசை கட்டும். பயத்தில் தூக்கம் போகும். அதைவிட மோசம், பிரஷர் மாத்திரையை நிறுத்துபவர்கள். அடுத்த வீடியோ தானாக ஓடும் வசதியை அணையுங்கள், பார்வை வரலாற்றை அவ்வப்போது அழியுங்கள், அவருக்குப் பிடித்த பாட்டு, கச்சேரி, ஆராதனையை நீங்களே தேடி ஓடவிடுங்கள். பட்டியல் தானாக மாறும்.

போலீஸ் என்று வீடியோ அழைப்பில் மிரட்டிப் பணம் பறிக்கும் மோசடிக்கு 'டிஜிட்டல் கைது' என்று பெயர். சட்டத்தில் அப்படி எதுவும் கிடையாது; போலீஸ் உடுப்போடு வீடியோவில் வந்தாலும் துண்டிக்கலாம் என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள். பணம் போய்விட்டால் உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930. ஏமாந்த வெட்கத்தில் மறைப்பவர்கள்தான் அதிகம் உடைந்துபோகிறார்கள், அதனால் திட்டாதீர்கள். யுபிஐ-யில் பென்ஷன் கணக்கை இணைக்காமல், சில்லறைச் செலவுக்குத் தனிக் கணக்கு வையுங்கள். தெரியாத எண்களை அமைதியாக்கும் வசதி வாட்ஸ்அப்பில் உண்டு, ஆனால் மகன் புது சிம் போட்டால் அவன் அழைப்பும் ஒலிக்காது. எண்ணை உடனே சேமிக்க வேண்டும்.

ராத்திரி போன் ஹாலில் சார்ஜில் கிடக்கட்டும். தனியாக இருப்பவருக்கு அது சரிப்படாது, கட்டிலருகே வேண்டும். 'தொந்தரவு செய்யாதே' போட்டு, பிள்ளைகள், பக்கத்து வீட்டு எண்களுக்கு மட்டும் விலக்குக் கொடுங்கள். சாயங்காலக் கடைத்தெருவும் கோயிலும் சர்ச்சும் நின்றுபோய், சாப்பாடும் குறைந்து, இரண்டு வாரத்துக்கு மேல் அப்படியே இருந்தால் போனைப் பிடுங்காமல் டாக்டரிடம் கூட்டிப்போங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மனஸ் 14416, முதியோர் உதவி எண் 14567. இரண்டையும் அவர் போனிலேயே பெயர் போட்டுச் சேமித்து வையுங்கள்.