முதலாம் ஆண்டு: வடசென்னையில் தங்க இடம் பார்க்கும்போது

ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை பக்கம் ரூம் பார்க்கிறீர்களா? சுவரையும் கட்டிலையும் அப்புறம் பார்க்கலாம். முதலில் குழாயைத் திறந்து கையில் சோப்புப் போடுங்கள். நுரையே வரவில்லை, வாய் கொப்பளித்தால் கரிக்கிறது என்றால் அது போர்வெல் (ஆழ்துளைக் கிணற்று) தண்ணீர். கடல் பக்கத்திலேயே இருப்பதால் நிலத்தடி நீரில் உப்பு ஏறிவிடும். குளிக்கவே கஷ்டம். மெட்ரோ தண்ணீர், அதாவது குடிநீர் வாரியத் தண்ணீர், சம்ப்புக்கு (தரைக்கு அடியில் உள்ள தொட்டிக்கு) வருகிறதா, எத்தனை நாளைக்கு ஒருமுறை என்று ஓனரிடம் மட்டும் கேட்காதீர்கள். அங்கே தங்கியிருக்கும் பிள்ளைகளிடம் தனியாகக் கேளுங்கள்.

இடம் பார்க்கக் காலை 7 மணிக்குப் போங்கள். எத்தனை பேருக்கு ஒரு பாத்ரூம் என்பது அப்போதுதான் தெரியும். ஆறு பேருக்கு ஒன்று என்றால் எட்டரை மணி வகுப்புக்குத் தினமும் ஓட்டம்தான்.

வியாசர்பாடி பக்கம் என்றால் கணேசபுரம் சுரங்கப்பாதையை நம்பி வழி போடாதீர்கள். கனமழையில் அது நிரம்பிவிடும். கல்லூரி மெட்ரோ ரயில் வழியில் இருந்தால் திருவொற்றியூர், விம்கோ நகர் வரை தள்ளிப் பார்க்கலாம். 2021இல் ரயில் அதுவரை நீண்டது.

பெண்கள் விடுதி என்றால் உரிமத்தைக் காட்டச் சொல்லுங்கள். 2014ஆம் ஆண்டுச் சட்டப்படி அது கட்டாயம். தயங்கினால் வேறு இடம் பாருங்கள்.

அட்வான்ஸ் கொடுத்தால் கையெழுத்திட்ட ரசீது வேண்டும். காலி செய்யும்போது பெயிண்டுக்கு எவ்வளவு பிடிப்பார்கள், கரண்ட் யூனிட்டுக்கு எவ்வளவு என்பதையும் அதிலேயே எழுதி வாங்குங்கள். சப்‑மீட்டர் (உங்கள் ரூமுக்கான தனி கரண்ட் மீட்டர்) இருந்தால் குடிபோகும் நாளன்றே ரீடிங்கைப் போட்டோ எடுத்து ஓனருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள்.