கரண்ட் போனால் முகவரியும் போகும்: கோத்தகிரியில் ஒரு வீட்டு சர்வர்

எங்கள் வீடு கோத்தகிரியிலிருந்து கொஞ்சம் தள்ளி, தேயிலைத் தோட்டத்தை ஒட்டி இருக்கிறது. அப்பா எடுத்த பழைய போட்டோக்களை எல்லாம் ஸ்கேன் செய்து ராஸ்பெரி பை என்ற சின்னக் கணினியில் போட்டு வைத்திருக்கிறேன். சென்னையிலிருக்கும் தங்கை நினைத்த நேரத்தில் அவற்றைத் திறந்து பார்க்க வேண்டும் என்பதுதான் ஆசை.

ஐப்பசி, கார்த்திகையில் எங்கள் பக்கம் மழை பிடித்தால் விடாது. எங்காவது ஒரு கற்பூர மரம் கம்பி மேல் சாயும், கரண்ட் போகும். திரும்பி வரும்போது ரவுட்டருக்கு வேறு ஐபி முகவரி (இணையத்தில் நம் இணைப்பை அடையாளம் காட்டும் எண்) கிடைத்திருக்கும். "அண்ணா, போட்டோ திறக்கல" என்று தங்கை போன் செய்வாள்.

முதலில், மாறும் முகவரிக்கு மாறாத ஒரு பெயரை ஒட்டிவைக்கும் டக்டிஎன்எஸ் என்ற இலவச சேவையில் ஒரு பெயர் வாங்கினேன். பை 5 நிமிடத்துக்கு ஒருமுறை அதைக் கூப்பிடும். கூப்பாடு எந்த முகவரியிலிருந்து வந்ததோ, அதை டக்டிஎன்எஸ் அந்தப் பெயருக்கு எதிரே எழுதிக்கொள்ளும். ரவுட்டரில் 443 போர்ட்டை, அதாவது பாதுகாப்பான இணையப் பக்கங்களுக்கான கதவு எண்ணை, பைக்குத் திருப்பிவிட்டேன். வீட்டுக்குள் பைக்கு எப்போதும் ஒரே முகவரி கிடைக்கும்படியும் ரவுட்டரில் குறித்து வைத்தேன். இதைச் செய்யாவிட்டால் கரண்ட் வந்த பிறகு போர்ட் வேறு ஏதாவது கருவியைப் பார்த்து நிற்கும்.

ஒரு வருடம் பிரச்சினையே இல்லை. பிறகு ஃபைபர் இணைப்புக்கு மாறினோம். பெயர் சரியான முகவரியைத்தான் காட்டியது, ஆனால் எதுவும் திறக்கவில்லை. இரண்டு இரவு பையையே குடைந்துகொண்டிருந்தேன். ரவுட்டர் பக்கத்தைத் திறந்து பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. அதில் இருந்த முகவரி 100.72 என்று தொடங்கியது. வெளியே தெரிந்ததோ வேறொன்று. 100.64 முதல் 100.127 வரையிலான முகவரிகள், ஒரே பொது முகவரியைப் பல வாடிக்கையாளர்களுக்குப் பங்கிடும் நிறுவனங்களுக்காக 2012இல் ஒதுக்கப்பட்டவை. இதை சிஜிநாட் என்பார்கள். வாசல் நிறுவனத்திடம் இருக்கிறது. என் ரவுட்டரில் எந்தப் போர்ட்டைத் திறந்தும் பயனில்லை. இந்த இரண்டு முகவரிகளையும் முதல் நாளே ஒப்பிட்டுப் பாருங்கள். அவை ஒன்றாக இல்லையென்றால் மேலே சொன்ன வழி வேலைக்கு ஆகாது.

நிலையான முகவரிக்கு மாதாமாதம் தனிக் கட்டணம் கேட்டார்கள். அது எனக்குச் சரிப்படவில்லை. நல்லவேளையாக இந்த இணைப்பில் ஐபிவி6 என்ற புது வகை முகவரியும் இருந்தது. அதில் ஒவ்வொரு கருவிக்கும் சொந்தப் பொது முகவரி உண்டு. ஆனால் அதன் முன்பாதி இங்கே கரண்ட் போய் வந்தால் மாறிவிடும், அதனால் பெயரை அப்போதும் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

இங்கேதான் அதிக நேரம் போனது. டக்டிஎன்எஸ் ஐபிவி6 முகவரியைத் தானாகக் கண்டுபிடிக்காது, நாம்தான் அனுப்ப வேண்டும். வெளியே ஒரு தளத்திடம் "என் முகவரி என்ன?" என்று கேட்டு, வந்ததை அனுப்பினேன். சில நாள் ஓடியது, அப்புறம் நின்றது. வெளியே பேசுவதற்குப் பை பயன்படுத்துவது தற்காலிக முகவரி. தனியுரிமைக்காக அது அவ்வப்போது மாறும். பையிலேயே 'ஐபி -6 அட்ரஸ்' கட்டளை காட்டும் பட்டியலில் 'டெம்பரரி' என்ற குறி இல்லாத பொது முகவரியை எடுத்து அனுப்பிய பிறகு சரியானது. ரவுட்டரின் காவல் அரணான ஃபயர்வாலும் உள்ளே வரும் ஐபிவி6 இணைப்புகளைத் தடுத்துக்கொண்டிருந்தது. முன்பாதி மாறும் என்பதால் முகவரியின் பின்பாதியை மட்டும் வைத்து விதி எழுதி, 443ஐ மட்டும் திறந்தேன். பெயரில் ஒட்டியிருந்த பழைய வகை (ஐபிவி4) முகவரியையும் மறக்காமல் அழித்தேன்.

சோதிக்கும்போது வீட்டு வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் பாருங்கள். வீட்டுக்குள் திறப்பதை வைத்து வெளியே திறக்கும் என்று நம்ப முடியாது. தங்கையின் ஆபீஸ் வைஃபையில் ஐபிவி6 இல்லை, அங்கே இன்னும் திறக்காது. அவள் போன் டேட்டாவில் பார்க்கிறாள்.

போன வாரம் ராத்திரி மூன்று மணி நேரம் கரண்ட் இல்லை. வந்த கொஞ்ச நேரத்தில் வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. கோடநாடு காட்சி முனையில் அம்மா நிற்பதை அப்பா எடுத்தது. அப்போதுதான் சர்வரில் திறந்து பார்த்தாளாம்.