ரீப்ளேக்கு முன்: ஒரு உலகக் கோப்பை நாட்குறிப்பு

2022 நவம்பர் 20, ஞாயிறு இரவு

கத்தாரில் நடக்கும் இந்தக் கால்பந்து உலகக் கோப்பை முழுக்க நடுவர்களை மட்டும் பார்ப்பதாக முடிவு. பழைய நோட்டு ஒன்றில் கோடு போட்டுவிட்டேன். நிமிடம், முடிவு, ரெஃப்ரி நின்ற இடம், நடுவில் யாராவது மறைத்தார்களா. இவ்வளவையும் ரீப்ளே வருவதற்கு முன்பே எழுதிவிட வேண்டும் என்பது எனக்கு நானே போட்டுக்கொண்ட கட்டளை. உள்ளூர் லீக்குகளில் பல வருடம் விசில் ஊதியவன் நான். மைதானத்தில் நிற்பவருக்கு ஒரு கோணம், ஒரு நொடி. அந்த அளவுகோலை வைத்துத்தான் அவரை அளக்க ஆசை.

முதல் ஆட்டத்திலேயே சோதனை. கத்தாருக்கு எதிராக மூன்றாவது நிமிடம் ஈக்வடாரின் என்னர் வலென்சியா தலையால் முட்டிப் போட்ட கோலை ரத்து செய்தார்கள். ரெஃப்ரி இத்தாலியின் டானியேலே ஓர்சாட்டோ. நான் நோட்டில் "நல்ல கோல்" என்று எழுதியிருந்தேன். கத்தார் கோல்கீப்பர் முன்னால் ஏறி வந்துவிட்டதைக் கவனிக்கவில்லை. தன் அணிக்காரர் பந்தை அனுப்பும் நொடியில் எதிரணி ஆளைத் தாண்டி முன்னால் நின்றால் ஆஃப்சைடு. அதற்குக் கணக்கு கடைசி ஆள் அல்ல, கடைசிக்கு முந்தைய ஆள். கீப்பர் வெளியே வந்துவிட்டால் பின்னால் ஒரு தடுப்பாட்டக்காரர் நின்றும் போதாது. ஈக்வடாரின் எஸ்ட்ராடாவின் கால் தாண்டியிருந்தது. கூரையடியில் 12 கேமராக்கள், ஒவ்வொரு ஆட்டக்காரர் உடம்பிலும் 29 புள்ளிகளை நொடிக்கு 50 தடவை குறிக்கின்றன. பந்துக்குள் இருக்கும் சென்சார் நொடிக்கு 500 தடவை தகவல் அனுப்புகிறது. அந்தக் காலை என் கண் பிடித்திருக்காது. கோட்டோரம் கொடி பிடிக்கும் லைன்ஸ்மேன் கண்ணும் பிடித்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

நவம்பர் 22, செவ்வாய்

சவுதி அரேபியாவிடம் அர்ஜென்டினா தோற்றதைப் பற்றித்தான் ஊரே பேசுகிறது. என் நோட்டில் இருப்பதெல்லாம் சவுதியின் தடுப்பு வரிசையும் லைன்ஸ்மேன்களும்தான். முதல் பாதியில் மெஸ்ஸி ஒன்று, லவுத்தாரோ மார்ட்டினெஸ் இரண்டு என வலைக்குள் போன மூன்று பந்துகள் ஆஃப்சைடு. சவுதிக்காரர்கள் ஏறக்குறைய நடுக்கோடு வரை ஏறி நின்று ஆடினார்கள். அப்படி ஆடும் அணிக்கு லைன்ஸ்மேன் சரியாக ஓட வேண்டும், இல்லாவிட்டால் கதை முடிந்தது. இப்போது அவர்களுக்கு வேறொரு கஷ்டமும் உண்டு. நெருக்கமான ஆஃப்சைடு என்றால் கொடியை உடனே தூக்கக்கூடாது, அந்தத் தாக்குதல் முடியும் வரை பொறுக்க வேண்டும். கண் சொன்னதைக் கை உடனே செய்யாமல் நிறுத்திவைப்பது எவ்வளவு கடினம் என்று கொடி பிடித்தவர்களுக்குத்தான் தெரியும்.

நேற்று இங்கிலாந்து–ஈரான் ஆட்டத்தில் முதல் பாதிக்கு மட்டும் 14 நிமிடம் சேர்த்தார்கள். ஈரான் கோல்கீப்பர் சொந்த அணிக்காரரோடு மோதி விழுந்ததில் போன நேரம் பெரும்பகுதி. போட்டிக்கு முன்பே ஃபிஃபா நடுவர் குழுத் தலைவர் கொலினா சொல்லிவிட்டார், விரயமாகும் நேரத்தைச் சரியாகக் கூட்டித் தருவோம் என்று. எனக்கு இது ரொம்பப் பிடித்திருக்கிறது. காலைப் பிடித்துக்கொண்டு படுத்துக் கிடக்கும் ஆட்டக்காரரோடு ரெஃப்ரி மல்லுக்கட்ட வேண்டியதில்லை. படு தம்பி, நேரம் என் கடிகாரத்தில் பத்திரமாக இருக்கிறது.

நவம்பர் 28, திங்கள்

கானா 3, தென்கொரியா 2. கொரியாவுக்கு கார்னர் கிடைத்த நேரத்தில் ஆன்டனி டெய்லர் இறுதி விசில் ஊதிவிட்டார். கொரியாவின் பயிற்சியாளர் பாவ்லோ பென்ட்டோ கத்திக்கொண்டு ஓடிவந்து, ஆட்டம் முடிந்த பிறகு சிவப்பு அட்டை வாங்கினார். விதிப்படி டெய்லர் செய்தது சரி. பெனால்டிக்கு மட்டும்தான் நேரத்தை நீட்டியே ஆக வேண்டும், கார்னருக்கு இல்லை. ஆனாலும் நான் அந்த கார்னரை எடுக்க விட்டிருப்பேன்.

டிசம்பர் 2, வெள்ளி அதிகாலை

தூக்கம் போனது, ஆனால் வரலாற்றில் இடம்பிடித்த ஆட்டத்தைப் பார்த்தாயிற்று. ஆண்கள் உலகக் கோப்பை ஆட்டத்தில் முதன்முதலாக ஒரு பெண் நடுவர், பிரான்ஸின் ஸ்டெஃபனி ஃப்ராப்பார். கொடி பிடித்தவர்களும் பெண்கள்தான்: பிரேசிலின் நெயூசா பாக், மெக்சிகோவின் கரேன் தியாஸ் மெதினா. ஜெர்மனி 4, கோஸ்டா ரிகா 2. 2019-இல் லிவர்பூல்–செல்சி சூப்பர் கப் ஆட்டத்தை ஃப்ராப்பார் நடத்தியபோதே கவனித்தேன், ஓட்டம் அலாதி. எதிர்த்துப் பேச வருபவரைக் கண்ணைப் பார்த்து ஒரு கையசைப்பில் திருப்பி அனுப்புவார். நேற்று நோட்டில் அவர் பக்கத்தில் எழுத அதிகமில்லை. அதுவே பெரிய பாராட்டு.

அதே நேரத்தில் நடந்த ஜப்பான்–ஸ்பெயின் ஆட்டம்தான் இன்று முழுக்கப் பேச்சாக இருக்கும். ஜப்பானின் மிட்டோமா கோட்டோரத்தில் எட்டி இழுத்த பந்தை தனாகா உள்ளே தள்ளினார். முதலில் கோல் இல்லை என்றார்கள், பிறகு வீடியோ பார்த்துச் சரிபார்க்கும் வி.ஏ.ஆர். கோல் என்றது. அதனால் அதே பிரிவில் இருந்த ஜெர்மனி வீட்டுக்குப் போனது. பக்கவாட்டில் எடுத்த படத்தைப் போட்டு "பந்து வெளியே, பச்சைப் பொய்" என்று காலையிலிருந்து வாட்ஸ்அப்பில் வந்துகொண்டிருக்கிறது. பானையை எண்ணிப்பாருங்கள். தரையில் படும் அடி சின்னது, வயிறு பெரிது. பந்தும் அப்படித்தான். அடி கோட்டுக்கு வெளியே இருந்தாலும் வயிற்றின் விளிம்பு கோட்டின் மேலே நின்றால் பந்து உள்ளேதான். முழுப் பந்தும் முழுக் கோட்டையும் தாண்ட வேண்டும் என்பது விதி. நேர் மேலிருந்து பார்த்தால்தான் அது தெரியும். கோட்டருகே நின்ற லைன்ஸ்மேனுக்கு அந்தக் கோணம் கிடையாது. அவர் தப்பு செய்தார் என்று நான் எழுத மாட்டேன்.

டிசம்பர் 3, சனி

உருகுவே கானாவை 2–0 என வென்றும் வெளியேறியது. பெனால்டி தரவில்லை என்று நடுவர் டானியேல் ஸீபர்ட்டைச் சூழ்ந்துகொண்டார்கள். கவானி போகிற போக்கில் வி.ஏ.ஆர். திரையைக் குத்தித் தள்ளினார். மனசு வலித்தது.

டிசம்பர் 10, சனி

விடிய விடிய அர்ஜென்டினா–நெதர்லாந்து. அக்கா மகனும் கூட இருந்தான். முடிந்ததும் கேட்டான்: "மாமா, இத்தன கார்டு போட்டிருக்காரு, செம ஸ்ட்ரிக்ட் இல்ல?"

"கார்டு ஜாஸ்தியானா ஸ்ட்ரிக்டுனு அர்த்தம் இல்லடா. ஆட்டம் அவர் கையவிட்டுப் போயிடுச்சுனு அர்த்தம்."

பயிற்சிக்குழுவையும் சேர்த்து 18 மஞ்சள். உலகக் கோப்பை ஆட்டம் எதிலும் இவ்வளவு இல்லை. நடுவர் அந்தோனியோ மத்தேயு லாஹோஸ் கத்துக்குட்டி இல்லை. 2021 சாம்பியன்ஸ் லீக் இறுதியை நடத்தியவர். அவரைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. ஆனால் ஆட்டம் நழுவிய வழியைச் சொல்லியாக வேண்டும்.

முதல் அரைமணியில் சின்னச் சின்னத் தள்ளுமுள்ளு. லாஹோஸ் பேசினார், சிரித்தார், தோளில் தட்டினார். பிறகு திடீரென்று அர்ஜென்டினாவின் உதவிப் பயிற்சியாளர் வால்டர் சாமுவேலுக்கு அட்டை, பெஞ்சில் உட்கார்ந்திருந்த நெதர்லாந்தின் வெஹோர்ஸ்ட்டுக்கு அட்டை. எது தாங்குவார், எதற்குத் தாங்க மாட்டார் என்பது ஆட்டக்காரர்களுக்குப் புரியவே இல்லை. அங்கேதான் விரிசல். 89-ஆவது நிமிடம் அர்ஜென்டினாவின் பரேதெஸ் நெதர்லாந்தின் நேதன் அகேயைக் காலோடு வாரினார், விசிலும் வந்துவிட்டது, அதற்குப் பிறகு பந்தை நெதர்லாந்து பெஞ்சை நோக்கி ஓங்கி உதைத்தார். பெஞ்சே எழுந்து மைதானத்துக்குள் வந்தது. வான் டைக் அவரைத் தோளால் இடித்துச் சாய்த்தார். என் கணக்கில் இது இரண்டு குற்றம். வாரியதற்கு ஒரு மஞ்சள், பெஞ்சை நோக்கி உதைத்ததற்கு இன்னொன்று, ஆள் வெளியே. லாஹோஸ் காட்டியது ஒரு மஞ்சள். இத்தனை அட்டை காட்டிய ஆட்டத்தில், காட்டியே ஆக வேண்டிய அந்தச் சிவப்பு அட்டை மட்டும் பையிலேயே இருந்துவிட்டது. இரண்டு அணிகளும் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தன.

அப்புறம் வெஹோர்ஸ்ட்டின் கடைசி நேர கோல். என்ன அருமையான ஃப்ரீ கிக் தந்திரம் அது! பெனால்டி ஷூட்அவுட்டில் அர்ஜென்டினா 4–3. எல்லாம் முடிந்த பிறகு நெதர்லாந்தின் டும்ஃப்ரீஸுக்கு இரண்டாவது மஞ்சள், சிவப்பு. இதையெல்லாம் எழுதவே பக்கம் போதவில்லை. நோட்டில் புதிதாக ஒரு கோடு இழுத்தேன்: "இதற்கு முன் இதே குற்றத்துக்கு என்ன செய்தார்?"

டிசம்பர் 11, ஞாயிறு

நேற்றைய ஆட்டத்தால் 2006 நினைவுக்கு வந்துவிட்டது. நூரம்பர்க், போர்ச்சுகல்–நெதர்லாந்து, நடுவர் ரஷ்யாவின் வலென்டின் இவானோவ். 16 மஞ்சள், 4 சிவப்பு. ஆரம்பத்திலேயே நெதர்லாந்தின் பூலாரூஸ் பூட்ஸ் ஆணிகளை ரொனால்டோவின் தொடையில் பதித்தார், மஞ்சள்தான் கிடைத்தது. ரொனால்டோ அரைமணி கழிந்து அழுதுகொண்டே வெளியேறினார். அந்த முதல் குற்றத்துக்குச் சிவப்பு காட்டியிருந்தால் பின்னால் வந்த பாதி அட்டைகளுக்கு வேலையே இருந்திருக்காது என்று இன்றும் நினைக்கிறேன். அன்று இவானோவை எல்லோரும் பழித்தார்கள். ஃபிஃபா தலைவர் பிளாட்டரே நடுவருக்கும் ஒரு மஞ்சள் காட்டியிருக்க வேண்டும் என்றார். தன் ஆளைத் தானே காட்டிக்கொடுத்த அந்தப் பேச்சை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

2010 இறுதியாட்டம் வேறு மாதிரி. நெதர்லாந்தின் டி யோங் காலைத் தூக்கி ஸ்பெயினின் அலோன்சோவின் நெஞ்சில் உதைத்தார். நடுவர் ஹவார்ட் வெப் காட்டியது மஞ்சள். நடுவில் ஆள் மறைத்ததால் முழுசாகப் பார்க்க முடியவில்லை என்றும், அது சிவப்புதான் என்றும் அவரே பின்னால் ஒப்புக்கொண்டார். லாஹோஸையும் வெப்பையும் ஒரே தராசில் வைக்கக்கூடாது. பரேதெஸ் விஷயத்தில் லாஹோஸ் எல்லாம் பார்த்தார், குறைவாகக் கொடுத்தார். வெப் பார்க்கவில்லை, பார்த்த அளவுக்குக் கொடுத்தார்.

எனக்கும் ஒரு நாள் உண்டு. பதினோரு வருடம் ஆகிறது. ஒரு கல்லூரி மைதானம், அரையிறுதி, கடைசி ஐந்து நிமிடம். பெனால்டி ஏரியாவில் ஐந்தாறு பேர், எனக்கு முதுகுகள் மட்டும் தெரிந்தன. "டப்" என்று சத்தம், ஒரு பையன் விழுந்தான். விசில் ஊதிப் புள்ளியைக் காட்டினேன். கோல். தோற்ற அணியின் கேப்டன் கடைசியில் வந்து கை கொடுத்து, "சார், நீங்க பாத்தீங்களா?" என்று மட்டும் கேட்டான். நான் பதில் சொல்லவில்லை. சத்தத்துக்கு ஊதிய விசில் அது. எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த அண்ணன் அன்று மாலை டீக்கடையில் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார்: "ரெண்டு அடி இடப்பக்கம் போயிருந்தா தெரிஞ்சிருக்கும்." அந்த இரண்டு அடியைத்தான் ஒவ்வொரு ரெஃப்ரியின் காலிலும் இப்போது தேடுகிறேன்.

டிசம்பர் 19, திங்கள்

அர்ஜென்டினா–பிரான்ஸ் இறுதியாட்டம். தலைமுறைக்கு ஒரு முறை வரும் ஆட்டம். 3–3, பெனால்டியில் அர்ஜென்டினா 4–2. எல்லோரும் மெஸ்ஸியையும் எம்பாப்பேயையும் கொண்டாடட்டும். நான் நடுவர் ஷிமோன் மார்ச்சினியாக்கைப் பற்றி எழுதுகிறேன். இதயத்துடிப்புக் கோளாறால் போன ஐரோப்பியக் கோப்பையில் விசில் ஊத முடியாமல் போன போலந்துக்காரர். அவரோடு கொடி பிடித்த தோமாஷ் லிஸ்ட்கியேவிச்சின் அப்பா 1990 இறுதியாட்டத்தில் லைன்ஸ்மேன்.

ஆட்ட நேரத்திலேயே மூன்று பெனால்டி. முதலாவது, பிரான்ஸின் டெம்பெலே அர்ஜென்டினாவின் டி மரியாவை வாரியது, லேசான தொடுகைதான். ஆனால் மார்ச்சினியாக் பக்கத்திலேயே இருந்தார், பார்வையை யாரும் மறைக்கவில்லை. "தரலாம்" என்று எழுதினேன். ரீப்ளே பார்த்த பிறகும் மாற்றவில்லை.

இந்த இரவின் சிறந்த விசில் 87-ஆவது நிமிடத்தில் வந்தது. எம்பாப்பே இரண்டு நிமிடத்துக்குள் இரண்டு கோல் போட்டு 2–2 ஆக்கியிருக்கிறார். மைதானம் கொதிக்கிறது. பெனால்டி ஏரியாவுக்குள் பிரான்ஸின் மார்கஸ் துராம் விழுகிறார். பிரான்ஸ் பெஞ்ச் மொத்தமும் எழுந்தாயிற்று. மார்ச்சினியாக் ஒரு கணம்கூடத் தயங்கவில்லை. விசில், துராமுக்கு மஞ்சள், ஏமாற்று விழுகை. ரீப்ளேயில் பார்த்தால் அவர் சொன்னது சரி. உலகமே ஒரு பக்கம் சாயும்போது மறுபக்கம் கை காட்ட நெஞ்சுரம் மட்டும் போதாது, பார்த்திருக்க வேண்டும். அவர் பார்த்திருந்தார். அந்த இடத்துக்கு ஓடி வந்திருந்தார்.

120 நிமிடத்தில் ஒரு சிவப்பும் இல்லை. பரேதெஸ் இந்த ஆட்டத்திலும் இறங்கினார். அதே ஆள், அதே அணி, ஒன்பது நாள்தான் இடைவெளி.

டிசம்பர் 30, வெள்ளி

இறுதியாட்டத்தில் மெஸ்ஸியின் இரண்டாவது கோலின்போது அர்ஜென்டினாவின் மாற்று ஆட்டக்காரர்கள் கோட்டைத் தாண்டி உள்ளே வந்திருந்தார்கள், அதனால் கோல் செல்லாது என்று பிரெஞ்சுப் பத்திரிகை ஒன்று எழுதியது. மார்ச்சினியாக் தன் போனில் ஒரு படம் காட்டினார். எம்பாப்பே கோல் போடும்போது பிரான்ஸ் பக்கம் ஏழு பேர் உள்ளே நிற்கிறார்கள். விதியில் அப்படி ஒரு வரி இருப்பது உண்மை. அதை வைத்து இந்த கோலை அழிக்கும் ரெஃப்ரி ஆட்டத்தைப் புரியாதவர்.

அதைவிட எனக்கு முக்கியமானது அவர் தானாகச் சொன்ன இன்னொரு விஷயம். அர்ஜென்டினாவின் அக்குன்யா மோசமாக வாரியபோது பிரான்ஸின் எதிர்த்தாக்குதலைத் தான் நிறுத்திவிட்டதாகவும், அட்வான்டேஜ் கொடுத்து ஆட்டத்தை ஓடவிட்டு, பிறகு வந்து அட்டை காட்டியிருக்கலாம் என்றும் சொல்லியிருக்கிறார். அடிபட்டவர் எழுந்து ஆட மாட்டார் என்று தவறாகக் கணித்துவிட்டாராம்.

நோட்டை எடுத்துப் பார்த்தேன். "அக்குன்யா, மஞ்சள், சரி" என்று இருக்கிறது. நின்ற இடம் எழுதியிருக்கிறேன், மறைப்பு இல்லை என்று எழுதியிருக்கிறேன். பந்து அந்த நேரத்தில் யார் காலில் இருந்தது, முன்னால் எத்தனை பேர் ஓடினார்கள் என்று எழுதவில்லை. அதற்கென்று கோடே போடவில்லை.

நாளை மறுநாள் காலை பதினைந்து வயதுக்குட்பட்டோர் ஆட்டம், ஏழு மணிக்கு. இன்றிரவு அந்த இறுதியாட்டத்தை இன்னொரு தடவை, முதலிலிருந்து போட வேண்டும்.