வாத்து சுடப் போன கதையில வாத்தே வராத பாகம்

எங்க ஆபீஸ்ல மூணு பேர் இருக்காங்க, வாத்து வேட்டைன்னா சோறு தண்ணி வேண்டாம். மினசோட்டாவுல இது பெரிய அதிசயம் இல்ல, செப்டம்பர் கடைசியில சீசன் தொடங்குனா காலை மீட்டிங்குக்கு பூட்ஸ்ல சேறோட வந்து உக்காருவாங்க, மேனேஜரும் ஒண்ணும் சொல்ல மாட்டாரு, ஏன்னா அவரு பூட்ஸ்லயும் சேறு. இந்த மூணு பேருக்கும் ரொம்ப நாளா ஒரு ஆசை, பார்டர் தாண்டி கனடாவுல சஸ்காட்சுவான் போய் ஒரு தடவையாவது சுட்டுப் பாத்துடணும்னு. டகோட்டாவுலேர்ந்து ஆல்பெர்ட்டா வரைக்கும் பழைய பனிப்பாறைங்க விட்டுட்டுப் போன பள்ளமெல்லாம் குட்டை குட்டையா கெடக்கு, வட அமெரிக்கா வாத்துல பாதிக்கு மேல அந்தக் குட்டைங்கள்லதான் பொறக்குதாம். இங்க மினசோட்டாவுல ஒரு நாளைக்கு ஆறு வாத்துதான், அங்க எட்டு. வெள்ளை வாத்து, அதான் ஸ்னோ கூஸ், அது இருபது வரைக்கும் சுடலாம். இதைச் சொல்லும்போது அவங்க மூஞ்சியப் பாக்கணும், நம்மூர்ல தங்கம் சவரனுக்கு ஆயிரம் ரூபா கொறஞ்சிருச்சுன்னு சொன்னா வர்ற மூஞ்சி.

ஆனா வருஷா வருஷம் பேசுவாங்க, போக மாட்டாங்க. ஏன்னு கேட்டா பெரியவர் (ரிட்டயர்மென்ட் பக்கத்துல இருக்காரு, அவர் வீட்டு கேரேஜ்லதான் எல்லா மீட்டிங்கும்) பெருமூச்சு விட்டு சொல்றாரு, "பேப்பர் வேலை ரொம்பப்பா."

பேப்பர் வேலை. இவங்க மூணு பேரும் பொறந்ததுலேர்ந்து ஒரு விசா ஃபார்ம்கூட நிரப்பாத ஜென்மங்க. நான் யாரு? ஹெச் ஒன் பி, அதுக்கு ரெண்டு எக்ஸ்டென்ஷன், ஸ்டாம்பிங், கிரீன் கார்டு, பர்த் சர்டிஃபிகேட்ல பேரு இல்லன்னு தாசில்தார் ஆபீஸ் வரைக்கும் அலைஞ்ச குடும்பம். ஃபார்ம்னா நமக்கு தண்ணி பட்ட பாடு. "என்ன பேப்பர் காட்டுங்க"ன்னு கேட்டேன், அவ்ளோதான், அன்னைக்கு நைட்டே என்னையும் சேத்து நாலு பேர் ட்ரிப்னு முடிவாயிருச்சு. துப்பாக்கி சுடத் தெரியுமான்னு யாரும் கேக்கல.

அதனால அந்த சம்மர் வேட்டை பாதுகாப்பு க்ளாஸ் போனேன். பெரியவங்க ஆன்லைன்லயே முடிச்சிடலாம், நான்தான் நேர்ல கத்துக்கணும்னு அடம் பிடிச்சு உள்ளூர் க்ளாஸ்ல போய் உக்காந்தேன். சுத்தி எல்லாம் பதினோரு பன்னெண்டு வயசுப் பசங்க. பக்கத்து சீட்டுப் பொண்ணு என்னை ரொம்ப நேரம் பாத்துட்டு "உங்க பையன் எங்க"ன்னு கேட்டுச்சு. நான்தான் ஸ்டூடண்ட்னு சொன்னதும் பாவம்னு நெனச்சுச்சோ என்னமோ, பரீட்சைல பென்சில் ஷார்ப்னரெல்லாம் குடுத்து கவனிச்சுக்கிச்சு.

சரி பேப்பருக்கு வருவோம். கனடாவுக்குள்ள வெளிநாட்டுக்காரன் வேட்டைத் துப்பாக்கி கொண்டு போகணும்னா 5589னு ஒரு டிக்ளரேஷன் ஃபார்ம். மூணு காப்பி. கனடா காசுல 25 டாலர், அறுபது நாளைக்கு செல்லும். இதுல ஒரே ஒரு சூட்சுமம்தான், ஃபார்மை முழுசா நிரப்பலாம், ஆனா கையெழுத்து மட்டும் அங்க போய் கஸ்டம்ஸ் ஆபீசர் கண்ணு முன்னாடிதான் போடணும். இதை நான் கேரேஜ்ல சொன்னேன், மெசேஜ்ல அனுப்புனேன், ஃபார்ம்லயே கையெழுத்து போடுற எடத்துல மஞ்ச ஸ்டிக்கர் ஒட்டி "இப்ப வேண்டாம்"னு எழுதினேன். ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி வரும்.

போறதுக்கு இது. திரும்பி வரும்போது இது அமெரிக்காவுலேர்ந்து கொண்டு போன துப்பாக்கிதான்னு நிரூபிக்க 4457னு இன்னொரு ஃபார்ம், அதை பார்டர் தாண்டுறதுக்கு முன்னாடியே அமெரிக்க கஸ்டம்ஸ்ல துப்பாக்கியோட போய் காட்டி ஸ்டாம்ப் வாங்கிடணும். மூணு பேர்ல ஒருத்தரு தாடிக்காரர், அவருக்கு இது பெரிய அவமானமாப் போச்சு. "என் தாத்தா துப்பாக்கி இது, இதை என்னுதுன்னு நான் நிரூபிக்கணுமா?" ஐயா, நான் எங்க அப்பா அம்மாவுக்குப் பொறந்தேன்னு நிரூபிக்க நோட்டரி வரைக்கும் போனவன், ஒங்க தாத்தா துப்பாக்கியெல்லாம் எம்மாத்திரம்.

அப்புறம் சஸ்காட்சுவான் லைசென்ஸ் தனி, கனடா மத்திய அரசோட வலசைப் பறவை பெர்மிட் தனி, அந்தப் பெர்மிட்டோட ஒரு ஸ்டாம்பும் வாங்கணும். தோட்டா ஆளுக்கு 200 வரைக்கும் வரியில்லாம கொண்டு போலாம். தாடிக்காரர் ஏற்கனவே ஆளுக்கு ஒரு கேஸ் வாங்கி அடுக்கி வச்சிருந்தாரு. ஒரு கேஸ்னா 25 தோட்டா வச்ச டப்பா பத்து, ஆக 250. அம்பது அதிகம். ரெண்டு டப்பாவை எடுத்து வெளிய வைக்கச் சொன்னா புள்ளைய ஹாஸ்டல்ல விடுற மாதிரி கண்ணு கலங்குறாரு.

அவருக்கு இன்னொரு சிக்கலும் இருந்துச்சு. காலேஜ் காலத்துல குடிச்சிட்டு வண்டி ஓட்டி ஒரு கேஸ். அமெரிக்காவுல அதெல்லாம் மறந்து போன சமாச்சாரம், ஆனா கனடாக்காரன் அதைக் குற்றமாத்தான் பாப்பான், அதுவும் 2018 டிசம்பர்லேர்ந்து சட்டத்தை இன்னும் இறுக்கிட்டான், பார்டர்லேர்ந்தே திருப்பி அனுப்பலாம். இவரோடது அதுக்கெல்லாம் ரொம்ப முந்தின ஒரே ஒரு கேஸ், பத்து வருஷத்துக்கு மேலயும் ஆச்சு, அதனால தப்பிச்சிடலாம், ஆனா தண்டனை முடிஞ்சதுக்கு கோர்ட் பேப்பர் கையில இருக்கணும். அதைத் தேடி பழைய ஊர் கோர்ட்டுக்கு லீவு போட்டுப் போனாரு. இவ்ளோ நாளும் எங்கிட்ட "பார்டர்ல ஒனக்குத்தான் பிரச்சனை வரும், எங்களுக்கு என்ன"ன்னு சொல்லிட்டு இருந்த மனுஷன். எனக்கோ இந்திய பாஸ்போர்ட், கிரீன் கார்டு, முடிஞ்சது கதை. 2022 ஏப்ரல்லேர்ந்து கிரீன் கார்டுக்காரங்களுக்கு கனடா போக ஆன்லைன்ல வாங்குற ஈடிஏ அனுமதிகூட வேண்டாம். நாலு பேர்ல சுத்தமான ஜாதகம் என்னோடது.

அடுத்தது நம்ம தம்பி, டீம்லயே சின்னவன். கிளம்புறதுக்கு முன்னாடி வாரம் வண்டியில இருக்குற எல்லாத்தையும் எறக்கிப் பாக்கணும்னு நான் ஒத்தக் கால்ல நின்னேன், எதுக்குடா இவ்ளோ கெடுபிடின்னு முனகிக்கிட்டே எறக்குனாங்க. ட்ரக் முன்னாடி பெட்டியத் திறந்தா டயர் பிரஷர் மீட்டர், கெட்ச்அப் பாக்கெட், ஒரு கைத்துப்பாக்கி. "இது என்னடா"ன்னு கேட்டா "அதுவா, அது எப்பவும் அங்கதானே இருக்கும்"னு ஸ்டெப்னி டயர் மாதிரி சொல்றான். கைத்துப்பாக்கியோட கனடா பார்டர்ல மாட்டுனா வாத்து வேட்டை இல்ல, ஜெயில் வேட்டைதான். அதை அவங்க அப்பா வீட்டு லாக்கர்ல வச்சிட்டு வந்து போட்டோ எடுத்து அனுப்புன பிறகுதான் நான் நிம்மதியா தூங்குனேன்.

ஆனா பேப்பர்ல நம்ம எல்லாரையும் தூக்கி சாப்பிட்டது பெரியவரோட லாப்ரடார் நாய்தான். கனடா போக வெறிநாய் தடுப்பூசி சர்டிஃபிகேட். திரும்பி வர, 2024 ஆகஸ்ட்லேர்ந்து வந்த ரூல்படி ஆன்லைன்ல ஒரு ஃபார்ம் நிரப்பி ரசீது எடுக்கணும், ஒடம்புல மைக்ரோசிப் இருக்கணும், நாய்க்கு ஆறு மாச வயசாவது ஆகியிருக்கணும். பெரியவரு தன்னோட பாஸ்போர்ட் எக்ஸ்பயரி தேதியை மறந்துட்டாரு, நாயோட சிப் நம்பரை மனப்பாடமா ஒப்பிக்கிறாரு.

நெலத்துக்கும் பர்மிஷன் வேணும். 2022 ஜனவரிலேர்ந்து சஸ்காட்சுவான்ல போர்டு வச்சிருந்தாலும் வைக்காட்டியும் விவசாயியக் கேக்காம அவர் வயல்ல கால் வைக்கக் கூடாது. எந்த வயல் யாருதுன்னு பேரோட போட்ட மேப் கெடைக்குது, அதைப் பாத்து போன் பண்ற வேலையும் எந்தலையிலதான் விழுந்துச்சு. ஒரு அம்மா எடுத்தாங்க, நான் வாத்து, வேட்டை, பர்மிஷன்னு பவ்யமா ஆரம்பிச்சா அவங்க கேட்டது வேற, மழை பேஞ்சா வயலுக்குள்ள வண்டிய விடுவீங்களா, கேட்டை சாத்துவீங்களா, அறுப்பு முடியாத பட்டாணிப் பக்கம் போவீங்களா. மாட்டோம், சாத்துவோம், போக மாட்டோம். எங்க தாத்தாவும் வரப்பு மேல யாராச்சும் சைக்கிள் ஓட்டுனா இதே குரல்லதான் கத்துவாரு, அதனால பதில் தானா வந்துருச்சு. "வந்ததும் வீட்டுக்கு வந்து மூஞ்சியக் காட்டிட்டுப் போங்க"ன்னாங்க.

வீட்ல மட்டும் ஒரு பேப்பரும் செல்லல. எனக்கு சொந்த ஊரு சிவகங்கை மாவட்டம் திருப்பத்தூர் பக்கம், வேட்டங்குடி பறவைகள் சரணாலயம் கூப்பிடு தூரம். அங்க கொள்ளுக்குடிப்பட்டிக்காரங்க பறவைங்க பயந்துக்குமேன்னு தீபாவளிக்கு பட்டாசே வெடிக்க மாட்டாங்க. அந்த மண்ணுலேர்ந்து வந்தவன் வாத்து சுடப் போறான்னு எங்க வீட்டம்மா வீடியோ கால்ல போட்டுக் குடுத்துட்டா. அம்மா ஆரம்பிச்சாங்க.

"ஏண்டா, அங்க ஊரே ஒரு ஊசி வெடி வெடிக்காம கெடக்கு, நீ கண்டம் தாண்டிப் போயி அதுங்களைச் சுடப் போறியாக்கும்?"

நான் விடுவேனா. அம்மா, 1916லயே அமெரிக்காவும் கனடாவுக்காக பிரிட்டனும் ஒப்பந்தம் போட்டு வச்சிருக்கு, எத்தனை சுடலாம் எப்ப சுடலாம்னு கணக்கு இருக்கு, ஈயக் குண்டு போடக் கூடாது தண்ணி கெட்டுப் போகும்னு சட்டம் இருக்கு, வட அமெரிக்காவுலயே மொத மொதல்ல பறவைங்களுக்குன்னு அரசாங்கம் எடம் ஒதுக்குனது நாங்க போற சஸ்காட்சுவான்லதான், 1887ல, லாஸ்ட் மவுண்டன் ஏரி. எல்லாத்துக்கும் மேல பெர்மிட்டோட ஒரு ஸ்டாம்ப் வாங்குறோம்ல, அந்தக் காசு பறவைங்க தங்குற ஈரநிலத்தைக் காப்பாத்தத்தான் போகுது, அமெரிக்காவுலயும் 1934லேர்ந்து இப்படித்தான் நடக்குதுன்னு மூச்சு விடாம பேசி முடிச்சேன்.

அம்மா அமைதியா கேட்டுட்டு சொன்னாங்க, "அப்ப ஸ்டாம்பை மட்டும் வாங்கிட்டு வீட்ல கெடக்க வேண்டியதுதானே."

அதுக்கு இன்னைய வரைக்கும் எங்கிட்ட பதில் இல்ல. வேட்டைக்காரன் இல்லாதவங்களும் அந்த ஸ்டாம்பை வாங்கலாம்ங்கறதுதான் உண்மை, அதை அம்மாகிட்ட நான் சொல்லல.

ஒருவழியா அக்டோபர் ஆரம்பத்துல கெளம்புனோம். ஃபார்கோ, ஜேம்ஸ்டவுன், அங்கேர்ந்து 52ஆம் நம்பர் ரோட்டுல மைனாட் வழியா பார்டர் ஊரு போர்ட்டல். நெஜ வாத்தை ஏமாத்தி எறக்க வைக்கிற பொம்மை வாத்து நெறச்ச ட்ரெய்லர், நாய், நாலு பேர், வீட்டம்மா கோவத்தோடயே கட்டிக் குடுத்த புளிசாதம், எம்மடியில கலர் கலரா டேப் ஒட்டுன ஃபைல். அமெரிக்கப் பக்கம் 4457 ஸ்டாம்ப் வாங்கியாச்சு. இனிமே கனடா ஆபீஸ்தான். உள்ள போய் ஃபார்ம் எல்லாம் எடுத்து ஆளுக்கு ஆள் குடுத்துட்டு ஃபீஸ் எவ்ளோன்னு கார்டைத் தேடிட்டுத் திரும்பறேன், பெரியவரு மஞ்ச ஸ்டிக்கரை அழகா உரிச்சு ஓரமா ஒட்டிட்டு மூணு காப்பியிலயும் கையெழுத்து போட்டு முடிச்சு பேனாவை மூடிட்டு இருக்காரு. "அது கையெழுத்து போடுற எடத்தை மறைச்சுட்டு இருந்துச்சுப்பா"ங்கறாரு.

ஆபீசர் எட்டிப் பாத்துட்டு, இது செல்லாது, புது ஃபார்ம் எழுதணும்னாரு. நான் ஒண்ணுமே பேசல. ஃபைலோட கடைசி டேப்பைப் புரட்டி, பெரியவர் பேரு அட்ரஸ் துப்பாக்கி நம்பர் எல்லாம் ஏற்கனவே டைப் பண்ணி வச்சிருந்த இன்னொரு செட்டை எடுத்து மேஜை மேல வச்சேன். மூணு காப்பி. ஆபீசர் என்னை ஒரு தடவை, ஃபைலை ஒரு தடவை பாத்துட்டு "நீங்க வக்கீலா"ன்னு கேட்டாரு. இல்ல சார், இந்தியன்னேன். சிரிச்சிட்டாரு.

தாடிக்காரரோட கோர்ட் பேப்பரைப் படிச்சாரு, ரெண்டு கேள்வி கேட்டாரு, விட்டுட்டாரு. தம்பிகிட்ட கைத்துப்பாக்கி இருக்கான்னு கேட்டாரு, அவன் லாக்கர் போட்டோவைக் காட்டப் போனான், வேண்டாம்னுட்டாரு. எல்லாம் முடிஞ்சு போலாம்னு சொன்ன பிறகும் பெரியவரு நகரல. நாயோட பேப்பரை யாருமே கேக்கலயேன்னு அவருக்கு மனசு கேக்கல, கேக்காமலே தடுப்பூசி சர்டிஃபிகேட்டை நீட்டுறாரு. அந்த ஆபீசரும் நல்ல மனுஷன், மூக்குக் கண்ணாடிய மாட்டி முழுசா படிச்சு, சிப் நம்பர்ல ஒரு எழுத்து தெளிவா இல்லையேன்னாரு. பெரியவரு கண்ண மூடிக்கிட்டு பதினஞ்சு நம்பரையும் கடகடன்னு ஒப்பிச்சாரு.