தலை பாரமா இருக்கு சிஸ்டர்

லேபர் வார்டில் பதினோரு வருஷமாக வேலை பார்க்கிறேன். எத்தனை பிரசவம் என்று எண்ணி வைத்ததில்லை, முகங்கள்கூடப் பாதி மறந்துவிட்டன. ஆனால் ஒரு ராத்திரி ஒரு பெண் சொன்ன நாலு வார்த்தையும், அதற்கு நான் சொன்ன பதிலும் மட்டும் அப்படியே இருக்கின்றன.

அவருக்கு வயது 42. பல வருஷ சிகிச்சைக்குப் பிறகு நின்ற முதல் கரு. 33 வாரத்தில் பிபி 150/100 வந்ததும் அட்மிட் செய்தோம். கால் வீக்கம், முகமும் லேசாக உப்பியிருந்தது, சிறுநீரில் புரதம் போய்க்கொண்டிருந்தது, ஸ்கேனில் குழந்தையின் எடை வாரத்துக்குக் குறைவு. பிரீஎக்லாம்ப்சியா, கர்ப்ப காலத்தில் பிபி ஏறி, முற்றினால் வலிப்பு வரை போகக்கூடிய நோய். முடிந்த மட்டும் குழந்தையை உள்ளேயே வைத்துக்கொள்ளலாம், நிலைமை மோசமானால் உடனே வெளியே எடுத்துவிடலாம் என்பது டாக்டர்களின் திட்டம். அதற்குள் குழந்தையின் நுரையீரல் தயாராக டெக்சாமெத்தசோன் ஊசி, 6 மில்லிகிராம், 12 மணி நேரத்துக்கு ஒன்றாக நான்கு. குறைமாதக் குழந்தைகள் மூச்சுக்குத் தவிப்பதை இந்த வகை ஊசி குறைக்கும் என்று லிக்கின்ஸ், ஹோவி என்ற இருவர் 1972-இல் நியூசிலாந்தில் காட்டினார்கள். படிக்கும்போது தேர்வுக்காக மனப்பாடம் செய்த விஷயம் அது. ஊசி போடாமல் வந்து பிறந்த குழந்தைகளையும் போட்டுப் பிறந்த குழந்தைகளையும் பக்கத்தில் நின்று பார்த்த பிறகுதான் அதன் அருமை புரிந்தது.

"இது உங்களுக்கு இல்லக்கா, பாப்பாவுக்கு" என்று சொல்லித்தான் போடுவேன். அவர் விரல் விட்டு எண்ணுவார். ஒன்று முடிந்தது, இரண்டு முடிந்தது.

முதல் நாளே என்னிடம் ஒன்று கேட்டார். "நான் லேட்டா பெத்துக்கறதாலதான் இப்படியா சிஸ்டர்?" இந்தக் கேள்விக்கு வழவழவென்று பதில் சொல்லக் கூடாது என்பது என் எண்ணம். நாற்பதைத் தாண்டினால் இது வரும் வாய்ப்பு கூடும், முதல் பிரசவம் என்றாலும் கூடும், அது உண்மை. ஆனால் இருபது வயதுப் பெண்ணுக்கும் வருகிறது. கரு பதிந்த முதல் சில மாதங்களில், நஞ்சுக்கொடிக்குப் போகும் ரத்தக்குழாய்கள் விரிய வேண்டிய அளவு விரியாமல் போனால், அதன் விளைவு ஏழாம் மாதம் எட்டாம் மாதம் பிபியாக வெளியே தெரிகிறது. அவர் சாப்பிட்டதோ நடந்ததோ கவலைப்பட்டதோ இதற்குக் காரணம் இல்லை. இதையெல்லாம் சொன்னேன். தலையாட்டினார். நம்பினாரா என்று தெரியாது.

இரண்டாம் நாள் ராத்திரி எனக்கு நைட் டியூட்டி. ஒரே நேரத்தில் மூன்று பேருக்கு வலி, அதில் ஒருவருக்குப் பனிக்குடம் உடைந்து தண்ணீர் பச்சையாக வந்துகொண்டிருந்தது. நான் ஒரு கட்டிலுக்கும் இன்னொரு கட்டிலுக்கும் நடுவே ஓடிக்கொண்டிருந்தபோது அவர் மெதுவாகக் கூப்பிட்டார். "தலை பாரமா இருக்கு சிஸ்டர்."

"தூக்கம் இல்லல்ல, அதான். கண்ண மூடிப் படுங்கக்கா, வந்துடறேன்" என்றேன். சொல்லிவிட்டுப் போய்விட்டேன்.

பிரீஎக்லாம்ப்சியா உள்ள ஒருவர் தலைவலி என்று சொன்னால் என்ன செய்ய வேண்டும் என்று புதிதாகச் சேரும் பெண்களுக்கு நானே வகுப்பெடுத்திருக்கிறேன். தலைவலி, பார்வை மங்கல், மேல் வயிற்று வலி, இந்த மூன்றில் ஒன்று சொன்னாலும் கையில் இருப்பதை வைத்துவிட்டு பிபி பாருங்கள் என்று. அன்றைக்கு எனக்குத் தெரியாமல் இல்லை. காதில் விழுந்தது, மனதில் ஏறவில்லை.

கால் மணி நேரம் இருக்கும். நான் அந்தப் பக்கம் கடந்தபோது மறுபடி கூப்பிட்டார். "கண்ணு முன்னாடி பூச்சி பறக்கற மாதிரி இருக்கு." அப்போதுதான் பிபி பார்த்தேன். 174/116. முட்டியில் தட்டினால் கால் எகிறியது, வலிப்பு நெருங்கலாம் என்பதற்கான அடையாளம். டாக்டரைக் கூப்பிட்ட என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது.

அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது, ஆனால் ஒழுங்காக நடந்தது. இந்த நிலையில் உடனே தியேட்டருக்குத் தூக்கிக்கொண்டு ஓடக் கூடாது. முதலில் தாயை நிலைப்படுத்த வேண்டும். மெக்னீசியம் சல்பேட் 4 கிராம் நரம்பில் மெதுவாக, பிறகு இரண்டு இடுப்பிலும் 5 கிராம் 5 கிராமாக. அதை ஏற்றும்போது உடம்பெல்லாம் தீயாகக் காந்தும், முன்னாலேயே சொல்லிவிட்டுக் கையைப் பிடித்துக்கொண்டேன். வலிப்பைத் தடுப்பதில் இந்த மருந்துக்கு இணை கிடையாது. 33 நாடுகளில் சுமார் 10,000 பெண்களிடம் நடந்து 2002-இல் வெளியான ஆய்வில், வலிப்பு வரும் வாய்ப்பைப் பாதிக்கும் மேல் குறைத்தது தெரிந்தது. பிபிக்கு லேபெட்டலால். அதையும் சட்டென்று இறக்கிவிடக் கூடாது, நஞ்சுக்கொடிக்குப் போகும் ரத்தம் குறைந்தால் குழந்தை தாங்காது. ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் எத்தனை என்று லேபிலிருந்து தகவல் வரக் காத்திருந்தோம், மிகவும் குறைந்திருந்தால் மரத்துப்போக முதுகில் ஊசி போட முடியாது. 1,20,000 என்று வந்தது. முதுகில் ஊசி போட்டால் போதும், முழு மயக்கம் தேவையில்லை. அதற்குள் சிடிஜியில் குழந்தையின் இதயத்துடிப்பும் இறங்கி இறங்கி ஏற ஆரம்பித்திருந்தது.

தியேட்டருக்குத் தள்ளிக்கொண்டு போகும்போது, "மூணு ஊசிதானே போட்டிருக்கு" என்றார். நாலாவது ஊசிக்கு இன்னும் சில மணி நேரம் இருந்தது. இத்தனைக்கும் நடுவில் அவர் அதை எண்ணிக்கொண்டிருந்தார்.

பெண் குழந்தை, 1,560 கிராம். பிறந்தவுடன் அழவில்லை. குழந்தை டாக்டர் மாஸ்க் வைத்துக் காற்று கொடுக்க, அரை நிமிஷத்துக்கும் மேல் தியேட்டரில் யாரும் பேசவில்லை. அப்புறம் ஒரு சின்னச் சத்தம், அழுகை என்றுகூடச் சொல்ல முடியாது. திரைக்கு அந்தப் பக்கமிருந்து அவர், "அது என் பாப்பாவா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். கன்னத்தில் ஒரு நொடி வைத்துவிட்டு, பச்சைக் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவான என்ஐசியூவுக்கு எடுத்துப் போய்விட்டார்கள்.

குழந்தை வெளியே வந்துவிட்டால் ஆபத்து முடிந்தது என்று வீட்டார் நினைக்கிறார்கள். பிரசவத்துக்குப் பிறகும் வலிப்பு வரலாம். அதனால் இன்னும் 24 மணி நேரம் மெக்னீசியம் போகும். ஊசி உடம்பில் அளவு மிஞ்சினால் மூச்சையே நிறுத்திவிடும் என்பதால் முட்டித் துடிப்பு, மூச்சு எண்ணிக்கை, மணிக்கு 30 மில்லியாவது சிறுநீர் இறங்குகிறதா, எல்லாம் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். மாற்று மருந்தான கால்சியம் குளுக்கோனேட் கட்டில் பக்கத்திலேயே இருக்கும். என் டியூட்டி முடிந்தும் நான் கிளம்பவில்லை. மணிக்கொரு முறை நானே பார்த்தேன்.

மறுநாள் சாயங்காலம் அவர் கொஞ்சம் தெளிந்திருந்தார். எனக்கு மனசு கேட்கவில்லை. "நீங்க தலை பாரமா இருக்குன்னு சொன்னப்பவே நான் பிபி பாத்திருக்கணும்க்கா. தப்பு என் மேலதான். மன்னிச்சிடுங்க" என்றேன். இப்படிச் சொல்லக் கூடாது, பிரச்சினையாகிவிடும் என்று சிலர் சொல்வார்கள். எனக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. டாக்டரிடமும் சொன்னேன், கேஸ் ஷீட்டில் அவர் முதலில் சொன்ன நேரத்தையும் எழுதினேன்.

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "சாயங்காலத்துலேர்ந்தே வலி இருந்துச்சு சிஸ்டர். நீங்க எல்லாரும் ஓடிக்கிட்டே இருந்தீங்க. தொந்தரவு பண்ண வேணாம்னு இருந்தேன்" என்றார்.

சாயங்காலத்திலிருந்தே. என் கால் மணி நேரத்தை மட்டும் நினைத்துக் குமைந்துகொண்டிருந்தேன், அதற்கு முன்னால் இத்தனை மணி நேரம் இருந்திருக்கிறது. பத்து வருஷம் காத்திருந்து கிடைத்த குழந்தையை வயிற்றில் வைத்துக்கொண்டு, நமக்குத் தொந்தரவாக இருக்கக் கூடாது என்று ஒருவர் வாயை மூடிக்கொண்டு படுத்திருக்கிறார். நம்முடைய நடையின் வேகமே அவரிடம் "இப்போது பேசாதே" என்று சொல்லியிருக்கிறது.

இப்போது பிபி உள்ளவர்களிடம் நானே போய்க் கேட்கிறேன். "ஏதாவது பண்ணுதா?" என்று கேட்டால் "ஒண்ணுமில்ல" என்றுதான் பதில் வரும். அதனால் தலை வலிக்கிறதா, கண் மங்குகிறதா, நெஞ்சுக்குக் கீழே வலிக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்கிறேன், கட்டில் பக்கம் நின்று, பதில் வரும்வரை.

மூன்றாம் நாள் பிபி மறுபடி ஏறியது, மாத்திரையில் அடங்கியது. அவரைச் சக்கர நாற்காலியில் என்ஐசியூவுக்குக் கூட்டிப்போனேன். சீம்பால் சில சொட்டுதான் வந்திருந்தது, அதைச் சிரிஞ்சில் எடுத்து மடியில் பத்திரமாக வைத்துக்கொண்டு வந்தார். குழந்தையை அவர் நெஞ்சில் தோலோடு தோலாக வைத்துத் துணியால் கட்டினார்கள். மூக்கில் குழாய், தலையில் தொப்பி, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு முதுகு. மானிட்டரில் 170-க்கு மேல் ஓடிக்கொண்டிருந்த துடிப்பு கொஞ்சம் கொஞ்சமாக 145-க்கு இறங்கியது.

"சிஸ்டர், அந்த நாலாவது ஊசி பரவாயில்லல்ல?" என்று மெதுவாகக் கேட்டார், குழந்தை எழுந்துவிடக் கூடாது என்பதற்காக.