படத்துல தெரியுதா?

"படத்துல தெரியுதா?" என்று கேட்டேன். "தெரியல சார். ஆனா என்ன வார்த்தைன்னு தெரியும்" என்றார், எங்கள் டீமில் பழைய ஆங்கிலப் புத்தகங்களைப் படத்தில் பார்த்து டைப் அடிக்கிற ஒரு பெண். "அப்ப தெரியலன்னே போடுங்க." நடந்தது இவ்வளவுதான். இதோடு நான் சேர்த்துச் சொன்ன இன்னொரு வாக்கியம்தான் இத்தனை வருஷம் கழித்தும் உறுத்திக்கொண்டிருக்கிறது.

ஒரே பக்கத்தை இரண்டு பேர் தனித்தனியாக அடிப்பார்கள், அதற்குப் பெயர் கீயிங். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பது கம்பேர். அந்தக் கம்பேரில், ஒத்துப்போகாமல் சிவப்பாக வந்து நின்ற இடம் அது. 1640களில் லண்டனில் அச்சான, எழுதியவர் பெயரில்லாத ஒரு துண்டுப் பிரசுரம். மைக்ரோஃபிலிமிலிருந்து எடுத்த படம். பைண்டிங் இறுக்கத்தில் பக்கத்தின் உள் ஓரம் மடிப்புக்குள் போய், ஒரு வரியில் பாதி வெறும் கறுப்பு. முதல் கீயிங்கில் வரி முழுதாக இருந்தது. இரண்டாவது ஆள் படிக்க முடியாத இடத்துக்கான குறியைப் போட்டிருந்தார். இரண்டில் எது என்று முடிவு செய்வது என் வேலை. பெரிதாக்கிப் பார்த்தேன், கறுப்பு பெரிதானதுதான் மிச்சம். குறியை வைத்துக்கொண்டு முதல் ஆள் கணக்கில் பிழையை ஏற்றினேன்.

அவர் என் சீட்டுக்கே வந்துவிட்டார். நாசரேத் பக்கத்துப் பெண். "சார், இது பைபிள் வசனம். நியாயாதிபதிகள் அஞ்சாம் அதிகாரம், மேரோசைச் சபியுங்கள்னு வருமே, சண்டே ஸ்கூல்ல மனப்பாடம் பண்ணிருக்கோம். படிக்கிறவங்களுக்கு வாக்கியம் முழுசா இருந்தா நல்லதுதானே?" அப்போதுதான் அதைச் சொன்னேன்: "உள்ள என்ன எழுதியிருக்குன்னு நாம பாக்க வேண்டியதில்லம்மா."

முதலில் என் பக்க நியாயம். மிச்சிகன், ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகங்கள் சேர்ந்து நடத்திய திட்டம் அது. 1700 வரை அச்சான ஆங்கிலப் புத்தகங்களை ஆள் வைத்து அடித்து கம்ப்யூட்டர் எழுத்தாக மாற்றுவது. கேட்ட துல்லியம் 99.995 சதவீதம், அதாவது 20,000 எழுத்துக்கு ஒரு பிழை. ஒவ்வொரு புத்தகத்திலும் ஐந்து சதவீதமோ ஐந்து பக்கமோ, எது அதிகமோ அதைப் படித்துப் பார்ப்பார்கள், தேறாவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். திரும்பி வந்தால் மொத்த டீமின் இன்சென்டிவும் போச்சு. ஒருவரை 'தெரிந்ததை' எழுத விட்டால் நாளைக்கு எல்லாருக்கும் எல்லாம் தெரிந்துவிடும். இந்தத் தொழிலில் ஒரு நம்பிக்கை உண்டு, மொழி தெரியாதவர்தான் நல்ல கீயர் என்று. அவருக்கு ஊகிக்கத் தெரியாது, கண்ணில் பட்டதை மட்டும் அடிப்பார்.

அந்த நம்பிக்கை பாதிதான் உண்மை என்று எனக்கு அப்போதே தெரியும். அந்தக் கால அச்சில் நெட்டை எஸ் ஒன்று வரும், பார்க்க எஃப் மாதிரியே இருக்கும், வித்தியாசம் நடுவில் ஒரு சின்னக் கோடு, அதுவும் இடதுபக்கம் மட்டும். மை பரவியிருந்தால் அந்தக் கோடும் கிடையாது. அப்புறம் எதை வைத்து எஸ் என்று அடிப்பது? வார்த்தையைப் படித்துத்தான். அந்தப் பெண் எங்களிடம் இருந்ததிலேயே நல்ல கீயர், காரணம் அவர் படித்தார். அதாவது நாள் முழுக்கப் படிக்கச் சொல்லிவிட்டு, அந்த ஒரு இடத்தில் மட்டும் படிக்காதே என்றிருக்கிறேன்.

படிக்காமல் இருக்கவும் முடியாது, சரக்கு அப்படி. 1641இல் ஸ்டார் சேம்பர் நீதிமன்றத்தை ஒழித்ததும் அச்சகங்களுக்கு இருந்த பிடி தளர்ந்துபோனது. ராஜாவைத் திட்டி, பிஷப்பைத் திட்டி, பார்லிமென்டைத் திட்டி, திட்டியவனைத் திட்டி என்று வந்து குவிந்தது. செயின்ட் பால் தேவாலயத்து வளாகத்தில் கடை வைத்திருந்த ஜார்ஜ் தாமசன் என்ற புத்தக வியாபாரி 1640 முதல் 1661 வரை கைக்குக் கிடைத்ததையெல்லாம் சேர்த்து வைத்தார், 22,000க்கும் மேல். பலவற்றின் தலைப்புப் பக்கத்தில் தேதியைக் கையால் எழுதியும் வைத்தார். சரித்திரக்காரர்களுக்கு அந்தத் தேதி தங்கம், ஆனால் அச்சில் இல்லாதது என்பதால் எங்களுக்கு அது வெறும் கிறுக்கல், அடிக்கக்கூடாது. வில்லியம் பிரின் என்பவருக்கு எழுதிய குற்றத்துக்காக 1634இல் ஒருதரம் காதை அறுத்து, 1637இல் மிச்சமிருந்ததையும் அறுத்த கதை வந்த வாரம் டீ பிரேக்கில் வேறு பேச்சே இல்லை. உள்ளே பார்க்க வேண்டியதில்லை என்று சொன்ன நானும் அந்தப் பேச்சில் இருந்தேன்.

ரொம்ப நாள் கழித்து, வேறு வேலைக்கு வந்த பிறகு, அந்த வசனத்தைத் தேடிப் பார்த்தேன். அந்தக் காலத்து ஆங்கிலேயர் கையில் இரண்டு பைபிள்கள் இருந்திருக்கின்றன, 1560இல் வந்த ஜெனீவா பைபிளும் 1611இல் வந்த ராஜா ஜேம்ஸ் பைபிளும். மேரோஸ் வசனம் இரண்டிலும் ஒரே மாதிரி இல்லை, ஒன்றில் இருக்கும் சொல் மற்றதில் இல்லை. அந்தப் பிரசுரக்காரர் எந்தப் பைபிளிலிருந்து எடுத்தாரோ, அல்லது ஞாபகத்திலிருந்தே எழுதினாரோ. ஆக, ஊகிக்கக்கூடாது என்ற விதி ரொம்பச் சரி. ஆனால் இந்தக் காரணத்தை நான் அவரிடம் சொல்லவில்லையே. எனக்கே தெரியாது. தெரிந்திருந்தால் அவருக்குப் புரிந்திருக்கும், ஒருவேளை அவரே இரண்டையும் தேடி எடுத்து வந்திருப்பார்.

அந்த வசனம் எதற்கு அப்படிப் புழங்கியது என்பதும் அப்போதுதான் பிடிபட்டது. 1642 பிப்ரவரியில் ஸ்டீபன் மார்ஷல் என்ற பாதிரியார் பார்லிமென்டில் இதை வைத்துப் பிரசங்கம் செய்து, அது அச்சாகி ஊரெல்லாம் போயிருக்கிறது. ஆறே மாதத்தில் உள்நாட்டுப் போர். மேரோஸ் ஊர்க்காரர்கள் எதிரிக்கு உதவியதாக அந்த வசனத்தில் இல்லை. கர்த்தருக்குத் துணை நிற்க வராமல் இருந்தார்கள், அதற்காகவே சாபம். எனக்கென்ன என்று ஒதுங்கி நின்றவனைத்தான் பாதிரியார் குறிவைத்தார். உள்ளே என்ன என்று பார்க்காதே என்று சொல்ல எனக்கு வேறு பக்கமா கிடைக்கவில்லை!

சரி, மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். முடிந்த கோப்புகளின் தலைப்பில் ஒரு குறிப்பு இருக்கும். படிக்க முடியாதவை என்று நாங்கள் குறித்ததை பல்கலைக்கழகத்தில் இருப்பவர்கள் முடிந்தவரை சரிசெய்வார்கள், புத்தகத்துக்கு நூறு இடம் வரை. அதற்கு மேல் விட்டுவிடுவார்கள். படிக்கக்கூடிய எழுத்துகள் சிலவும் படிக்க முடியாதவை என்றே நின்றுவிடும் என்று அவர்களே அதில் சொல்லியிருக்கிறார்கள். அதாவது நிரப்புவதற்கு வேறு ஆள் இருந்தார், நாங்கள் குறி போடத்தான் இருந்தோம். வேலைப் பங்கீடு என்ற அளவில் இதில் தப்பே இல்லை. முதல் 25,000 புத்தகங்களை 2015இல் எல்லாருக்கும் திறந்துவிட்டார்கள். அமெரிக்காவில் கல்லூரி மாணவர்கள் மிச்சமிருந்த ஓட்டைகளை நல்ல படங்களோடு ஒப்பிட்டு அடைத்தார்கள் என்று படித்தபோது சந்தோஷமாகவும் எரிச்சலாகவும் இருந்தது. அவர்களுக்கு ஒப்பிட இன்னொரு பிரதி இருந்தது. நாசரேத்துப் பெண்ணுக்கு இருந்தது மனப்பாடம் மட்டும்.

தெரியாது என்று சொன்ன இன்னொருவரும் ஞாபகத்துக்கு வருகிறார். ஜான் ட்வின் என்ற அச்சகக்காரரின் வழக்கு விவரம் 1664இல் பிரசுரமாக வந்திருக்கிறது, அதுவும் எங்களிடம் வந்தது. 1663 அக்டோபரில் ஒரு விடிகாலை, கிளாத் ஃபேர் தெருவில் இருந்த அவர் வீட்டில் புகுந்து சோதனை போட்டார்கள். அச்சுக்காகக் கோத்து வைத்த ஈய எழுத்துகளை அதற்குள் வீட்டிலிருந்தவர்கள் கலைத்துவிட்டிருந்தார்கள், ஒரு மூலை மட்டும் கலையாமல் நின்றது. அந்த மூலையை அச்சான தாளோடு ஒப்பிட்டுத்தான் இது ராஜத்துரோகப் புத்தகத்தின் பக்கம் என்று பிடித்தார்கள். கம்பேர்! அதில் தீங்கு இருப்பது தனக்குத் தெரியாது என்று ட்வின் சொல்லிப் பார்த்தார், நீதிபதிகள் ஏற்கவில்லை. அவரிடம் வேலை பார்த்த பையனே சாட்சி சொன்னான். எழுதியவர் யார் என்று கேட்டதற்கு மட்டும் கடைசிவரை அவர் வாய் திறக்கவில்லை. தூக்கிலிட்டு உடலை நான்காக வெட்டினார்கள்.

நான் ட்வின் இல்லை, எனக்குப் போக இருந்தது ஒரு மாத இன்சென்டிவ். அவரைத் துணைக்கு இழுப்பதே கொஞ்சம் அதிகம்தான். அதோடு அவர் படிக்காமலா கோத்திருப்பார்? படிக்காமல் அச்சுக் கோக்க முடியாது என்று எனக்கு நன்றாகவே தெரியும். தப்பிக்க அவர் சொன்னதை, திட்டு வாங்கக்கூடாது என்பதற்காக நான் இன்னொருவருக்கு உத்தரவாகச் சொன்னேன். இப்போது அதே பக்கம் வந்தாலும் அதே குறியைத்தான் போடச் சொல்வேன், அதில் எனக்குச் சந்தேகமில்லை. அந்த வாக்கியத்தை மட்டும் சொல்லமாட்டேன் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் மாதக் கடைசி, டார்கெட் பாக்கி, கம்பேரில் இன்னும் நாற்பது ஃபைல் காத்திருக்கிறது என்றால், சொல்லித்தான் இருப்பேன் என்று தோன்றுகிறது.